பீங்கான் பொம்மைக்கு எக்ஸ்-ரே தரும் நிறம்

விருத்தாசலத்துச் சூளைகளில் வேகிறவை பொம்மைகள் மட்டுமல்ல. பழைய வீடுகளின் மீட்டர் பலகையில் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கும் ஃபியூஸ் கட்டையும் அந்த ஊர்ச் சரக்குதான். மின்சாரத்தைத் தன் வழியாகப் போக விடாது என்பதால் பீங்கானுக்கு அந்த வேலை கிடைத்தது. அந்தக் கட்டையிலிருந்து பித்தளைத் தகடுகளையும் திருகுகளையும் கழற்றிவிட்டு, வெறும் பீங்கானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விமான நிலையத்தின் மெட்டல் டிடெக்டர் வாசலில் நடந்தால் வாசல் சத்தம் போடாது. அதே பீங்கானைப் பையில் வைத்து எக்ஸ்-ரே பெல்ட்டில் அனுப்பினால் திரையில் பச்சை நிறத்தில் பளிச்சென்று தெரியும்.

ஒரு கருவிக்குத் தெரியாதது இன்னொன்றுக்குத் தெரிகிறது. எல்லாவற்றையும் பார்க்கும் ஒற்றைக் கருவி இன்றுவரை கிடையாது. அதனால்தான் வெளிநாட்டு விமானம் ஏறப் போகிறவர் ஓர் இடத்தில் பையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது, இன்னோர் இடத்தில் கையை விரித்து நிற்க வேண்டியிருக்கிறது, சில நேரம் மூன்றாவது இடத்தில் பையைத் திறந்து காட்டவும் வேண்டியிருக்கிறது. நிற்கும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையைச் சலிப்போடு மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். அதற்குள் நல்ல இயற்பியலும் நல்ல கணக்கும் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் வரிசையின் நீளத்தை நாமே ஓரளவு குறைக்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

விழுப்புரம் – திருச்சி கார்டு லைனில் இருக்கும் சந்திப்பு விருத்தாசலம். அந்தப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறவர்களுக்குச் சென்னையை விடப் பக்கம் திருச்சி. அங்கே 2024 ஜனவரி 2 அன்று திறந்து வைக்கப்பட்ட புதிய முனையம், ஆண்டுக்கு 44 லட்சம் பேருக்கு மேல் கையாளவும், நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் சுமார் 3,500 பேரைத் தாங்கவும் கட்டப்பட்டது. ஊரிலிருந்து புறப்படுகிறவர் பெட்டியில் முறுக்கு, பொடி வகையோடு ஒரு செராமிக் பிள்ளையாரோ அரை டஜன் அகல் விளக்கோ இருப்பது இயல்பு. அந்தப் பிள்ளையார் எக்ஸ்-ரே இயந்திரத்துக்குள் நுழையும்போது நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அவர் பிறந்த விதம். நெய்வேலிச் சுரங்கத்தின் மேல்மண்ணில் வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. அப்படிப்பட்ட களிமண்ணைக் கூழாகக் கரைத்துச் சலித்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சும். கூழ் அச்சின் சுவரோரம் படிந்து தோலாக இறுகும். தோல் போதிய தடிமன் வந்ததும் நடுவிலுள்ள கூழைக் கவிழ்த்து ஊற்றிவிடுவார்கள். ஆகவே பொம்மையின் உள்ளே வெற்றிடம். அடியில் ஒரு துளை. பிறகு காய வைத்து, சுட்டு, கண்ணாடி போன்ற மேல்பூச்சு கொடுப்பார்கள்.

உள்ளே வெற்றிடமுள்ள எந்தப் பொருளும் பாதுகாப்பு அதிகாரியின் கவனத்தை இழுக்கும், உள்ளே எதையாவது வைக்க முடியும் என்பதால். ஆனால் வெற்றிடத்தை எக்ஸ்-ரே மறைப்பதில்லை. பொம்மையின் வயிற்றை 4 செ.மீ. ஆரமுள்ள உருண்டை என்றும், சுவரின் தடிமன் 4 மி.மீ. என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் புகும் கதிர் முன்சுவரையும் பின்சுவரையும் மட்டும் கடக்கிறது. மொத்தம் 8 மி.மீ. பீங்கான். விளிம்பை ஒட்டிச் சுவருக்குள்ளேயே நெடுக்காகப் போகும் கதிரோ சுமார் 35 மி.மீ. பீங்கானைக் கடக்க வேண்டும். அதனால் விளிம்பு அடர்ந்தும் நடு வெளிறியும் ஒரு வளையமாகப் படம் விழும். உள்ளும் பீங்கானாகவே இருக்கும் உருண்டை என்றால் நடுதான் அடர்ந்திருக்கும். உள்ளே வேறொன்றை வைத்திருந்தால் வளையத்தின் நடுவே வேறு நிறம் ஏறும். பயிற்சி பெற்ற கண் இந்த வித்தியாசத்தை ஓரிரு நொடியில் பிடித்துவிடும்.

நிறம் எங்கிருந்து வருகிறது? எக்ஸ்-ரேக்கு இயல்பில் நிறம் இல்லை. திரையில் தெரிவது கணினி பூசிய நிறம். ஆனால் காரணத்தோடு பூசியது. களிமண் கூழைப் பெரிய கண் சல்லடையிலும் சிறிய கண் சல்லடையிலும் அடுத்தடுத்துச் சலித்தால், ஒவ்வொன்றிலும் தங்கும் அளவை வைத்தே கூழில் இருப்பதைச் சொல்லிவிடலாம். பை இயந்திரமும் அதே போல ஒரே கதிரை இரண்டு விதமாக அளக்கிறது. சுமார் 160 கிலோவோல்ட் குழாயிலிருந்து விசிறி போல விரியும் கதிர்கள் பையைக் கடந்து வந்ததும், முன்னால் இருக்கும் உணரி ஆற்றல் குறைந்த கதிர்களைப் பதிகிறது. நடுவில் ஒரு செம்புத் தகடு. அதையும் தாண்டி வரும் ஆற்றல் மிகுந்த கதிர்களைப் பின்னால் இருக்கும் உணரி பதிகிறது. ஆற்றல் குறைந்த கதிர்களை விழுங்குவதில் அணு எண் பெரிய தனிமங்கள் மிக வல்லவை. அணு எண் இரண்டு மடங்கானால் ஒளிமின் விளைவால் விழுங்கப்படும் அளவு ஏறக்குறைய எட்டு மடங்காகும். ஆற்றல் மிகுந்த கதிர்களிடம் இந்தப் பாகுபாடு அவ்வளவு செல்லாது. இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால் பொருள் எவ்வளவு தடிமன் என்பதோடு அது எந்த வகைத் தனிமங்களால் ஆனது என்பதும் கிடைத்துவிடும்.

சராசரி அணு எண் 10-க்குக் கீழே இருந்தால் ஆரஞ்சு: துணி, காகிதம், முறுக்கு, சோப்பு, பிளாஸ்டிக் எல்லாம் இங்கே. 10 முதல் 18 வரை பச்சை: உப்பு, கண்ணாடி, அலுமினியம், பீங்கான். அதற்கு மேல் நீலம்: இரும்பு, செம்பு, பித்தளை. பீங்கானில் ஆக்சிஜன் 8, அலுமினியம் 13, சிலிக்கான் 14. கலந்து பார்த்தால் 11, 12 பக்கம் வரும். பிள்ளையார் பச்சையாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

வெடிபொருள்கள் பெரும்பாலும் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் சேர்மங்கள். அவையும் ஆரஞ்சில்தான் விழும். அதிகாரி பையில் தேடுவது பெரும்பாலும் ஆரஞ்சுக் கட்டிகளையும், அவற்றோடு சேர்ந்த ஒயர், பேட்டரி போன்றவற்றையும்தான். கெட்டியாக அமுக்கிக் கட்டிய பொடிப் பொட்டலம் மேல் பயணிகளுக்குப் புரியாத அக்கறை காட்டப்படுவது இதனால்தான். பொடி எடுத்துப் போவது குற்றமில்லை. ஆனால் அது அவர் தேடும் நிறத்தில் இருக்கிறது.

மெட்டல் டிடெக்டர் வாசலின் கதை வேறு. அதன் இரு தூண்களிலும் உள்ள கம்பிச்சுருள்கள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை எழுப்புகின்றன. நடுவில் உலோகம் வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டம் எழுப்பும் எதிர்ப்புலத்தை வாசல் உணர்ந்து ஒலிக்கும். மின்சாரம் ஓடாத பொருளுக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்க வழியே இல்லை. ஃபியூஸ் கட்டையின் தகுதியே இங்கே பாதுகாப்புக்கு ஓர் ஓட்டையாகிவிடுகிறது. சிர்கோனியாவால் ஆன பீங்கான் கத்தி எஃகுக் கத்தியை விடக் கடினமானது. அதற்கும் வாசல் ஒலிக்காது. ஆனால் சிர்கோனியத்தின் அணு எண் 40 என்பதால் எக்ஸ்-ரேயில் தப்பவே முடியாது. வாசல் பேசாவிட்டாலும் நம் விமான நிலையங்களில் சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள் ஒவ்வொருவரையும் கையால் தடவிப் பார்ப்பது வெறும் சடங்கல்ல என்பது இப்போது புரியும். மில்லிமீட்டர் அலை உடல் ஸ்கேனர் அந்த வேலையைத் தொடாமலே செய்யும்: அலை துணியைக் கடந்து தோலில் பட்டுத் திரும்பும், இடையில் பீங்கானோ பிளாஸ்டிக்கோ இருந்தால் அந்த இடம் தனியாகத் தெரியும். எக்ஸ்-ரே போல அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் இந்த அலைக்குக் கிடையாது.

திருச்சி விமான நிலையம் என்றாலே செய்தித்தாளில் அடிக்கடி வருவது சுங்கத் துறையினர் பிடிக்கும் தங்கம். தங்கத்தைப் பொடியாக்கிப் பசையில் குழைத்து மறைத்துக் கொண்டுவருகிறார்கள். வடிவத்தை மாற்றினாலும் அணு எண் 79 மாறாது. எக்ஸ்-ரே பார்ப்பது வடிவத்தை மட்டுமல்ல, அணுவையும்தான்.

பீங்கானைப் பற்றி இன்னொரு செய்தி, விமானத்தை விடக் கப்பலுக்குப் பொருந்துவது. களிமண்ணில் பொட்டாசியம்-40 இயற்கையாகவே உண்டு. மேல்பூச்சில் சேர்க்கும் சிர்கான் மணலில் யுரேனியமும் தோரியமும் மிகச் சிறிதளவு உண்டு. ஒரு பொம்மையில் இது பொருட்படுத்தும் அளவே இல்லை. கன்டெய்னர் நிறைய டைல்ஸ் வரும்போதோ, அணுப்பொருள் கடத்தலைக் கண்டுபிடிக்கத் துறைமுக வாசல்களில் வைத்திருக்கும் கதிரியக்க உணரிகள் ஒலித்துவிடும். உலகத் துறைமுகங்களில் வீண் எச்சரிக்கை எழுப்பும் சரக்குகளில் பீங்கானும் ஒன்று.

எக்ஸ்-ரேயில் போன உணவைச் சாப்பிடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாராளமாகச் சாப்பிடலாம். பை இயந்திரம் ஒரு முறைக்குத் தரும் அளவு பொதுவாக 10 மைக்ரோகிரேக்குள் அடங்கும். எக்ஸ்-ரே பட்ட பொருள் கதிரியக்கம் பெறுவதும் இல்லை.

இவ்வளவு கருவிகளும் விதிகளும் ஏன் வந்தன என்பதைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து 30 பேர் அளவில் இறந்தார்கள். கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்கென்று செக்-இன் செய்யப்பட்ட பெட்டிகளில் இருந்த குண்டு அது. பெட்டிக்கு உரியவர் விமானம் ஏறவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 23-இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் மீது வெடித்து 329 பேர் இறந்ததும் ஆள் ஏறாத பெட்டியால்தான். ஏறாத பயணியின் பெட்டியை விமானத்திலிருந்து இறக்கிவிட்டே புறப்படுவது என்ற விதியின் பின்னால் இந்த உயிர்கள் இருக்கின்றன. யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் ஏறாமல் போய், விமானம் அரை மணி நேரம் தாமதமாகும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். 1999 டிசம்பரில் ஐ.சி. 814 விமானம் கடத்தப்பட்ட பிறகு, 2000-ஆம் ஆண்டு ஜெய்ப்பூரில் தொடங்கி விமான நிலையக் காவல் சி.ஐ.எஸ்.எஃப். கைக்கு வந்தது. கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் கூடாது என்பது 2006 ஆகஸ்டில் லண்டனில் பிடிபட்ட சதிக்குப் பிறகு வந்த விதி. தண்ணீரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சாதாரண எக்ஸ்-ரேயில் ஏறக்குறைய ஒரே ஆரஞ்சு. பல கோணங்களில் படம் எடுக்கும் சி.டி. இயந்திரம் அடர்த்தியையும் கணிப்பதால், தண்ணீரின் 1.0-ஐயும் தூய பெராக்சைடின் 1.45-ஐயும் பிரித்துவிடும். அந்த இயந்திரம் எல்லா இடத்துக்கும் வந்து சேரும்வரை 100 மி.லி. விதி தேவைதான்.

கருவி எதுவானாலும் கடைசியில் ஒரு மனிதர் திரையைப் பார்க்கிறார். 2005-இல் நேச்சர் இதழில் ஜெரமி உல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனை, அந்த வேலை எவ்வளவு கடினம் என்பதைக் காட்டியது. தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது பார்த்தவர்கள் தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது 30 சதவீதம். அரிதாக வருவதைக் கண் விட்டுவிடுகிறது. உண்மையான ஆபத்துப் பொருளோ நூற்றில் ஒன்று அல்ல, பல லட்சத்தில் ஒன்று. அதனால்தான் பல நாடுகளில் கணினியே அவ்வப்போது பொய்யான துப்பாக்கிப் படத்தைப் பைக்குள் சேர்த்து அதிகாரியை விழிப்போடு வைக்கிறது. திரைக்கு முன் இருப்பவரைக் குறுகிய நேரத்துக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள். நம் பையை அவர் இரண்டாம் முறை பார்த்தால் அதற்காகக் கோபப்பட வேண்டியதில்லை.

இப்போது வரிசைக்கு வருவோம். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏர்லாங் என்ற கணித அறிஞர் 1909-இல் இணைப்புக்காகக் காத்திருக்கும் அழைப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வரிசைகளைப் பற்றிய கணிதம் அங்கே தொடங்கியது. அதன் எளிய வடிவத்தை ஒரு சோதனைப் பாதைக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்குச் சராசரி 20 நொடி. மணிக்கு 180 பேர். ஆட்கள் சீராக வராமல் தற்செயலாக வருகிறார்கள். சோதனை நேரமும் ஆளுக்கு ஆள் ஏறி இறங்குகிறது. மணிக்கு 144 பேர் வந்தால், அதாவது பாதை 80 சதவீதம் நிறைந்தால், சராசரிக் காத்திருப்பு 80 நொடி. 90 சதவீதமானால் 3 நிமிடம். 95 சதவீதத்தில் 6 நிமிடத்துக்கு மேல். 99 சதவீதத்தில் 33 நிமிடம். 80-இலிருந்து 99-க்குக் கூட்டம் கால் பங்குகூட ஏறவில்லை. காத்திருப்போ 25 மடங்கு ஏறிவிட்டது. வரிசை அரை மணி நேரமாக நகராதது போலத் தோன்றும்போது அங்கே யாரும் வேலை செய்யவில்லை என்று பொருளல்ல. எல்லாரும் முழு வேகத்தில் வேலை செய்யும்போதுதான் இது நேர்கிறது.

இதே கணக்கில் பயணிக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மணிக்கு 171 பேர் வரும் அந்த 95 சதவீதப் பாதையில், ஒவ்வொருவரும் 2 நொடி மட்டும் மிச்சப்படுத்தி 18 நொடியில் முடித்தால் காத்திருப்பு 6 நிமிடம் 20 நொடியிலிருந்து 1 நிமிடம் 46 நொடிக்கு இறங்கிவிடும். பெல்ட்டை அவிழ்க்க, போனையும் சில்லறையையும் எடுக்க, லேப்டாப்பைப் பையிலிருந்து உருவ ஆகும் நேரம்தான் அந்த 2 நொடி. தட்டு கைக்கு வரும் முன்பே இவற்றைச் செய்துவிட்டால் போதும்.

ஒதுக்கப்படும் பைகளுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். ஓர் அதிகாரி ஒரு பையைத் திறந்து பார்க்க 3 நிமிடம் என்று வையுங்கள். 171 பேரில் 10 சதவீதம் பைகள் ஒதுக்கப்பட்டால் அந்த இடத்தில் சராசரிக் காத்திருப்பு 18 நிமிடத்தை நெருங்கும். அதையே 8 சதவீதமாகக் குறைத்தால் ஆறரை நிமிடம்தான். நூறு பேரில் இருவர் பையைச் சரியாக அடுக்கினால் கிடைக்கும் பலன் இது.

நிலையத்தை நடத்துகிறவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். 180 இருக்கை விமானங்கள் மூன்று ஒரே மணி நேரத்தில் புறப்பட்டால் 540 பேர்; மூன்று பாதைகள் அதற்குச் சரியாகப் போதும் என்று காகிதம் சொல்லும். சரியாகப் போதும் அளவுதான் வரிசையை முடிவில்லாமல் வளர்ப்பது. நான்காவது பாதை அவசியம். அதையும் வரிசை நீண்ட பிறகல்ல, முன்பே திறக்க வேண்டும். பாதைக்கு ஒரு வரிசை என்று பிரிக்காமல், எல்லாரும் ஒரே வளைவு வரிசையில் நின்று காலியாகும் பாதைக்குப் போவதே நேர்மையானது, வேகமானதும்கூட. முன்னால் ஒருவருடைய பை மாட்டிக்கொண்டால் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் சேர்ந்து மாட்டுவதில்லை.

விருத்தாசலத்தில் பொம்மை வாங்கிப் போகிறவர்கள் அதைக் கைப்பையில் வைப்பதே நல்லது, உடையாமல் போய்ச் சேரும். ஆனால் செய்தித்தாளில் பத்துச் சுற்று சுற்றி டேப் போட்டு இறுக்காதீர்கள். மூடியைத் தூக்கினால் தெரியும்படி அட்டைப்பெட்டியில் துணியோடு வையுங்கள், பைக்கு மேலாகவே இருக்கட்டும். அகல் விளக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கதிருக்கு எதிரே பல செ.மீ. பீங்கான் சேர்ந்து திரையில் கருத்துவிடும். பின்னால் இருப்பது மறைந்தால் பை ஒதுக்கப்படும். பரப்பி வையுங்கள். அதன் மேலோ கீழோ சார்ஜர், ஒயர், பவர் பேங்க் வேண்டாம். பவர் பேங்க் கட்டாயம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் செல் தீப்பற்றினால் பயணிகள் அறையில் அணைக்க ஆள் உண்டு, சரக்கு அறையில் இல்லை. 100 வாட்-மணி வரை தடையில்லை, 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-மணிதான். நெய்யும் ஊறுகாயும் பெரிய பெட்டிக்குப் போகட்டும்.

வெளிநாட்டு விமானங்களுக்குப் பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே செக்-இன் கவுண்டரை மூடிவிடுகின்றன. டிக்கெட்டில் உள்ள நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, 3 மணி நேரம் முன்பாக நிலைய வாசலில் இருங்கள். விருத்தாசலத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் அந்த நேரத்துக்குச் சரியாக வந்து சேரும் வண்டியை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய வண்டிக்கு டிக்கெட் எடுங்கள்.